டின்னில் 186 கலோரி என்றால், எதற்கு 186?

டின் உணவு லேபிள்களைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இனிப்பைப் பற்றியவை. பண்டிகை நெருங்கினால் அப்படித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கிலோ ரசகுல்லா டின் வாங்கினோம். 100 கிராமுக்கு 186 கலோரி என்று போட்டிருக்கிறது. ஜீராவைக் கொட்டிவிட்டு உருண்டையை மட்டும் சாப்பிட்டால் பாதிதானே? – வாசகி, மதுரை

டின்னைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு எடை இருக்கும். ஒன்று ஜீராவோடு சேர்த்த நிகர எடை. இன்னொன்று 'டிரெய்ன்டு வெயிட்', அதாவது ஜீராவை வடித்த பிறகு மிஞ்சும் உருண்டைகளின் எடை. ஜீராவைக் கொட்டினால் மொத்த டின்னின் கணக்கு குறையும், அது உண்மை. உங்கள் தட்டில் இருக்கும் உருண்டையின் கணக்கு குறையாது.

ஏனென்றால் ரசகுல்லா வேகுவதும் ஜீராவில், ஊறுவதும் ஜீராவில். உருண்டைக்குள்ளும் பெரும்பங்கு அதுதான். நூற்றுக்கு 45 பங்கு சர்க்கரை உள்ள ஜீரா என்று வையுங்கள். சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி, ஆக 100 கிராம் ஜீராவுக்கு 180. உருண்டைக்கும் ஜீராவுக்கும் கிராம் கணக்கில் பெரிய வித்தியாசமே இல்லை, பார்த்தீர்களா? அதனால் வடித்த உருண்டையை அப்படியே தராசில் வைத்து எடை பாருங்கள். 50 கிராம் இருந்தால் சுமார் 93 கலோரி. கரண்டியால் அழுத்திப் பிழிந்து 10 கிராம் ஜீரா வெளியேறினால் ஒரு 18 கலோரி மிச்சம். பிழிந்த பிறகு அது ரசகுல்லாவா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கண்டென்ஸ்டு மில்க் டின்னில் 'ஒரு சர்விங்: 65 கலோரி, தினசரித் தேவையில் 3%' என்று இருக்கிறது. இவ்வளவு குறைவா? – வாசகர், சேலம்

அந்த 'சர்விங்' எத்தனை கிராம் என்பதும் அங்கேயே சின்ன எழுத்தில் இருக்கும். உங்கள் டின்னில் 20 கிராம் என்று இருக்கலாம், ஒரு மேசைக்கரண்டி. 400 கிராம் டின்னை மொத்தமாகப் பாயசத்தில் ஊற்றினால் அது 20 சர்விங், 1,300 கலோரி. பால், முந்திரி, நெய், கூடப் போடும் சர்க்கரை எல்லாம் தனி. சர்விங் கணக்கில் பொய் இல்லை. ஆனால் யாரும் அந்த அளவில் நிறுத்துவதில்லை. 100 கிராம் கணக்கை மட்டும் பார்ப்பதுதான் என் பழக்கம். இரண்டு பிராண்டுகளை ஒப்பிடவும் அதுதான் உதவும்.

அந்தச் சதவீதம், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிள் விதிப்படி, சராசரிப் பெரியவருக்கு நாளுக்கு 2,000 கலோரி என்று வைத்துப் போட்டது. உங்கள் வீட்டு ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

கலோரியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எரித்துப் பார்ப்பார்களா? – கல்லூரி மாணவி, கோவை

எரித்தும் அளக்கலாம். ஆனால் லேபிளில் இருப்பது பெரும்பாலும் பெருக்கல் கணக்கு. புரதம் கிராமுக்கு 4, மாவுச்சத்து (சர்க்கரையும் சேர்த்து) 4, கொழுப்பு 9. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்பவர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. மேலே சொன்ன கண்டென்ஸ்டு மில்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் புரதம் 8, மாவுச்சத்து 55, கொழுப்பு 8 கிராம் என்றால் 32 + 220 + 72 = 324. லேபிளில் 320 என்றோ 328 என்றோ இருந்தால் கவலை வேண்டாம், முழு எண்ணாக்கும்போது அப்படி ஆகும். 240 என்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நார்ச்சத்து அதிகமுள்ள பீன்ஸ், பட்டாணி டின்களில் மட்டும் கணக்கு கொஞ்சம் இடிக்கும். நார்ச்சத்துக்குக் கிராமுக்கு 2 கலோரிதான்.

இத்தனைக்குப் பிறகும் அது துல்லியமான எண் இல்லை. அமெரிக்காவில் லேபிளில் சொன்னதைவிட 20 சதவீதத்துக்கு மேல் கலோரி கூடினால்தான் விதிமீறல். ஒற்றை இலக்கக் கலோரிக்காக இரண்டு டின்களைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் நிற்பது வீண் வேலை.

கொண்டைக்கடலை பாக்கெட்டில் 360 கலோரி, டின் கொண்டைக்கடலையில் 120. டின் நல்லதா?

டின்னில் இருப்பது வெந்தது, தண்ணீர் குடித்து ஊதியது. பாக்கெட்டில் இருப்பது காய்ந்தது. அவ்வளவுதான். டின்னில் உப்பு இருக்கும், கழுவிவிட்டுச் சமையுங்கள்.

சூரை மீன் டின் எண்ணெயிலும் வருகிறது, உப்புத் தண்ணீரிலும் வருகிறது. எண்ணெயை வடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுதானா? – வாசகர், தூத்துக்குடி

இல்லை. வடித்த பிறகும் எண்ணெயில் கொஞ்சம் மீனோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. லேபிளில் உள்ள எண் வடித்த மீனுக்கா, எண்ணெயோடு சேர்த்தா என்று தேடிப் பாருங்கள். எதுவும் எழுதவில்லையென்றால் கொழுப்பு எத்தனை கிராம் என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். தூத்துக்குடிக்காரர் டின் மீனைப் பற்றிக் கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை. மகன் விடுதியில் இருக்கிறானோ?

மெல்போர்னில் இருக்கிறேன். பேக்டு பீன்ஸ் டின்னில் 380 கிலோஜூல் என்று இருக்கிறது.

4.2-ஆல் வகுங்கள். 90 கலோரி.

'லைட்' தேங்காய்ப்பால் டின் வாங்கலாமா? – வாசகி, சென்னை

சாதா டின் தேங்காய்ப்பால் 100 மில்லிக்கு 180 கலோரிக்கு அக்கம்பக்கம் இருக்கும். லைட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு போல. பெரும்பாலும் கொழுப்பு குறைந்து தண்ணீர் கூடியதுதான் காரணம். நம் வீட்டில் இரண்டாம் பால் என்று எடுக்கிறோமே, கிட்டத்தட்ட அது. சாதா டின்னையே வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். சொதிக்கு அது போதும். மிச்சத்தைத் தகர டின்னிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.