வீட்டு விலை ஏறுகிறது, பள்ளியில் ஏன் பணம் இல்லை?

எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் நடுவே மார்ச் மாதம் முழுக்க ஒரே பேச்சுதான்: பிங்க் ஸ்லிப் (வேலைநீக்க நோட்டீஸ்), நூலகர் வேலை போகிறது, பள்ளியை மூடப்போகிறார்கள். கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட் ஆலோசனைக் குழுவில் ஐந்து ஆண்டுகள் இருந்தவள் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பினார்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் 20 லட்சம் டாலருக்கு வீடு வாங்கி, வரி மட்டும் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் கட்டுகிறோம். அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது? (ஃப்ரீமான்ட், இரண்டு பிள்ளைகளின் அப்பா)

முதலில், தெருவில் எல்லோரும் உங்களைப் போலக் கட்டவில்லை. 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ரொப்பசிஷன் 13-இன்படி அடிப்படை வரி மதிப்பில் 1 சதவீதம்தான். வீடு கைமாறும்வரை அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அதே அளவு வீட்டை 1985-இல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவது உங்கள் வரியில் ஒரு சிறு பங்கு. அந்த வரியிலும் நகரத்துக்கும் கவுண்டிக்கும் பங்கு போகிறது.

இன்னொரு விஷயம்தான் பலருக்குத் தெரியாது. 2013-இல் வந்த எல்.சி.எஃப்.எஃப். (லோக்கல் கண்ட்ரோல் ஃபண்டிங் ஃபார்முலா) என்ற நிதி முறையில், ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு மொத்தம் எவ்வளவு என்பதை மாநிலம் ஒரு சூத்திரத்தால் முடிவு செய்கிறது. அந்த மொத்தத்தை ஒரு அண்டா என்று நினைத்துக்கொள்ளுங்கள்; அதன் அளவை மாநிலம் வைத்துவிட்டது. உங்கள் ஊர்க் கிணற்றில், அதாவது வீட்டு வரியில், ஊறியது போக, குறைகிற தண்ணீரை மட்டும் மாநிலம் ஊற்றும். வீட்டு வரி கூடினால் மாநிலம் ஊற்றுவது குறையும். அண்டா அதே அண்டாதான்.

அப்படியானால் பாலோ ஆல்டோ பள்ளிகளிடம் மட்டும் எப்படிப் பணம் இருக்கிறது?

அங்கே கிணறே அண்டாவை மிஞ்சுகிறது. அப்படிப்பட்ட டிஸ்ட்ரிக்டுகள் மிஞ்சியதைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பத்து மைல் தள்ளி இருக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

டிசம்பரில் இந்தியா போனால் டிக்கெட் விலைக்காக இரண்டு வாரம் கூடுதலாகத் தங்குகிறோம். லெட்டர் கொடுத்துவிட்டுத்தான் போகிறோம். அதில் தப்பு உண்டா அக்கா? (சான் ஹோசே, அம்மா)

தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவது தப்பே இல்லை. ஆனால் கணக்கு இதுதான்: கலிஃபோர்னியாவில் பணம் வருவது பெயர்ப் பதிவுக்கு அல்ல, சராசரி தினசரி வருகைக்கு. லெட்டர் கொடுத்தாலும், காய்ச்சல் என்றாலும், பிள்ளை வராத நாள் வராத நாள்தான். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 10,800 டாலர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 180 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 60 டாலர். பத்து நாள் போனால் 600. எங்கள் மாதிரிக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பள்ளியில் ஐம்பது பேர் இப்படிப் போனால் 30,000.

இதற்கு வழி இருக்கிறது. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே அலுவலகத்தில் 'இண்டிபெண்டண்ட் ஸ்டடி' ஒப்பந்தம் கேளுங்கள். பிள்ளை கொடுத்த பாடங்களை முடித்துத் தந்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்கில் சேரும். போய்விட்டு வந்து கேட்பதைவிட முன்பே கேட்பதுதான் நல்லது.

பள்ளியில் சேர்க்கும்போது தரும் ஹோம் லாங்வேஜ் (வீட்டு மொழி) படிவத்தில் தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்கிறார்களே? (டப்ளின்)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் தமிழே பேசிவிட்டு, படிவத்தில் 'இங்கிலீஷ்' என்று எழுதுகிறோம். உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் நன்றாக வருகிற பிள்ளை அதிலேயே தேறிவிடும், அதோடு முடிந்தது. ஆங்கிலத்துக்கு உதவி தேவைப்படுகிற பிள்ளை என்றால் அந்த உதவி அவனுக்குச் சட்டப்படி உரிமை. சூத்திரத்திலும் அவனுக்காக அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதலாகச் சேரும். பொய்யாக எழுதினால் பிள்ளைக்கு உதவியும் போகிறது, பள்ளிக்குப் பணமும் போகிறது. தமிழை மறைத்துத்தான் பிள்ளையை முன்னேற்ற வேண்டும் என்ற எண்ணம் என்னை ரொம்பவே வருத்துகிறது.

வருமானப் படிவமும் இதே கதைதான். 2022-23 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம் என்பதால் பலர் அதை நிரப்புவதே இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களின் கணக்கு அந்தப் படிவத்திலிருந்தும் வருகிறது, அந்தக் கணக்குக்கும் சூத்திரத்தில் பணம் சேரும்.

பிள்ளைகள் குறைந்தால் செலவும் குறையத்தானே வேண்டும்?

இருபது தொடக்கப் பள்ளிகளில் 300 பிள்ளைகள் குறைகிறார்கள் என்றால், ஒரு பள்ளிக்கு 15 பேர், ஒரு வகுப்பு நிலைக்கு இரண்டு மூன்று பேர். எந்த ஆசிரியரை எடுப்பீர்கள்? எந்த வகுப்பின் விளக்கை அணைப்பீர்கள்? வரவு உடனே குறையும், செலவு அப்படியே நிற்கும். நடப்பு ஆண்டு வருகை, போன ஆண்டு வருகை, முந்தைய மூன்றாண்டு வருகையின் சராசரி, இவற்றில் எது அதிகமோ அதைக் கணக்கில் கொள்ள 2022 முதல் சட்டம் இடம் தருகிறது. அதனால் அடி கொஞ்சம் தள்ளி விழுகிறது. மூன்று ஆண்டு முன்பு போன பிள்ளைகளுக்கான வெட்டு இன்று வருவது இப்படித்தான்.

கோவிட் சமயத்தில் கோடிக்கணக்கில் வந்ததே சார்? (நான் அக்கா!)

வந்தது. மூன்று தவணையாக நாடு முழுவதுக்கும் சுமார் 190 பில்லியன் டாலர். கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30-க்குள் ஒதுக்கியாக வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஒருமுறை வந்த பணத்தில் நிரந்தர வேலைகளைப் போட்ட டிஸ்ட்ரிக்டுகள் இன்று மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் பிள்ளைகளின் மனநல ஆலோசகரை அன்று நியமிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

லாட்டரிப் பணம்?

பள்ளிகளின் வரவில் ஏறக்குறைய 1 சதவீதம்தான்.

புது ஜிம் கட்டுகிறார்கள், ஆசிரியரை நீக்குகிறார்கள். இது என்ன நியாயம்? (சன்னிவேல்)

ஜிம் கட்டுவது பாண்டு பணம், அதாவது வாக்காளர் ஒப்புதலோடு டிஸ்ட்ரிக்ட் வாங்கும் கடன். 2000-இல் வந்த ப்ரொப்பசிஷன் 39-இன்படி 55 சதவீத வாக்கு போதும். ஆனால் அதைக் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும்தான் செலவழிக்கலாம், சம்பளத்தைத் தொடக்கூடாது. சம்பளத்துக்கு உதவுவது பார்சல் டாக்ஸ், அதாவது ஒவ்வொரு மனைக்கும் போடும் உள்ளூர் வரி. பொதுவாக அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 64 சதவீதம் பேர் ஆதரித்தும் தோற்கலாம்.

பெரிய அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைத்தால் போதாதா?

கேட்க வேண்டிய கேள்விதான், குழுவில் நானும் கேட்டேன். ஆனால் பள்ளத்தின் ஆழத்துக்கு அது போதாது. ஆசிரியர் ஓய்வூதியத்துக்காக டிஸ்ட்ரிக்ட் கட்டும் பங்கு 2013-14-இல் சம்பளத்தில் 8.25 சதவீதம். இன்று 19.1. மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்காக, ஒரு பிள்ளைக்கு ஆகும் தேசியச் சராசரிச் செலவில் 40 சதவீதம்வரை தருவதாக மத்திய அரசு 1975-இல் சொன்னது. இன்று அதில் பாதிகூட வருவதில்லை. மிச்சம் பொதுக் கணக்கிலிருந்துதான் போகிறது. இதற்காக அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை யாராவது குறை சொன்னால் தயவுசெய்து அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.

நாங்கள் எச்1பி. ஓட்டு இல்லை. என்ன செய்ய முடியும்?

பள்ளி போர்டு (டிஸ்ட்ரிக்டை நடத்தும் ஊர் தேர்ந்தெடுத்த குழு) கூட்டத்தில் பேச குடியுரிமை வேண்டாம். யார் வேண்டுமானாலும் பேசலாம். பெரும்பாலும் மூன்று நிமிடம் தருவார்கள். ஆனால் மார்ச்சில் வராதீர்கள், டிசம்பரில் வாருங்கள். அதில் நான் நேரடியாக அடிபட்டவள். எங்கள் பிள்ளைகளின் நூலகருக்காக நாற்பது பெற்றோரைத் திரட்டிக்கொண்டு மார்ச்சில் போய் நின்றேன். வெட்டுப் பட்டியல் அதற்குள் முடிவாகியிருந்தது. ஆசிரியருக்கான முதல் நோட்டீஸ் மார்ச் 15-க்குள் போயாக வேண்டும், இறுதி நோட்டீஸ் மே 15-க்குள். நடுவில் பல நோட்டீஸ்கள் திரும்பப் பெறப்படும் என்பது உண்மை. எங்கள் நூலகருக்கு அது நடக்கவில்லை.

டிசம்பர் 15-க்குள் டிஸ்ட்ரிக்டின் முதல் இடைக்கால நிதி அறிக்கை வரும். அதில் மூன்றே சொல்லைத் தேடுங்கள்: பாசிட்டிவ், குவாலிஃபைட், நெகட்டிவ். இந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் செலவைச் சமாளிக்க முடியுமா என்பதற்கான டிஸ்ட்ரிக்டின் சொந்த வாக்குமூலம் அது. குவாலிஃபைட் என்றால் சமாளிக்க முடியாமல் போகலாம். நெகட்டிவ் என்றால் முடியாது. அதையும் தாண்டிப் போனால் மாநிலக் கடன்தான். 2003-இல் ஓக்லாந்து டிஸ்ட்ரிக்ட் அப்படிக் கடன் வாங்கியபோது நிர்வாகமே மாநிலத்தின் கைக்குப் போனது. ஊர் தேர்ந்தெடுத்த போர்டுக்கு அதிகாரம் இல்லாமல் போனது.

இந்த டிசம்பர் அறிக்கை உங்கள் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு நடக்கும் இரண்டு மணி நேரத்தில், உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.