திங்கட்கிழமை தோறும் பரிசோதனையா? எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கிறோம். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகனும் கோபாலபுரம் சோதனைச்சாவடி வழியாகப் பள்ளி வேனில் தினமும் பொள்ளாச்சிப் பக்கம் உள்ள ஒரு தனியார் பள்ளிக்குப் போய் வருகிறார்கள். கேரளத்தில் கொரோனா மறுபடியும் கூடியிருக்கிறது என்று செய்தி வந்த மறுநாளே, கேரளப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் மட்டும் திங்கட்கிழமை தோறும் வீட்டில் ஆன்டிஜென் பரிசோதனை செய்து, அந்தக் கிட்டைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று பள்ளி அறிவித்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சளிகூட இல்லை. "பள்ளிக்கூடம் சொன்னால் செய்துவிட்டுப் போவோம், எதற்கு வம்பு" என்கிறார் கணவர். நான் மறுக்கலாமா? மறுத்தால் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடுவார்களா?

பதில்: மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கு முன்னால், பரிசோதனையின் முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று பள்ளியிடம் பணிவாகக் கேளுங்கள். கோடு இரண்டு விழுந்தால், அதாவது தொற்று உண்டு என்று வந்தால், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், அது சரிதான். கோடு ஒன்றுதான் விழுந்தது, ஆனால் பிள்ளைக்கு இருமலும் லேசான காய்ச்சலும் இருக்கின்றன என்றால் வகுப்பில் சேர்ப்பார்களா? சேர்ப்போம் என்பது பதிலானால், அந்தப் பரிசோதனை பள்ளிக்கு நன்மை செய்வதற்குப் பதிலாகக் கெடுதலே செய்கிறது. சேர்க்க மாட்டோம் என்பது பதிலானால், காய்ச்சலைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள் என்று ஆகிறது. கிட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

நோயின் அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளையை வாரந்தோறும் சோதிப்பதில் உள்ள சிக்கலை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அறுநூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் இரண்டு பேருக்கு உண்மையிலேயே தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆன்டிஜென் பரிசோதனைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, அறிகுறி உள்ளவர்களில் சராசரியாக 72 விழுக்காட்டினரின் தொற்றை அது கண்டுபிடித்தது. அறிகுறி இல்லாதவர்களில் 58 விழுக்காடுதான். ஆகவே நம் பள்ளியில் உள்ள இருவரில் ஒருவர் அகப்படுவார், மற்றவர் "இல்லை" என்ற முடிவோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பார். தொற்று இல்லாத பிள்ளைகளில் இருநூறு பேருக்கு ஒருவருக்குத் தவறாக "உண்டு" என்று காட்டினால்கூட, ஒரே திங்கட்கிழமையில் மூன்று பிள்ளைகள் காரணமின்றி வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள். அகப்பட்ட நால்வரில் மூவருக்கு நோயே இல்லை என்ற இந்தக் கணக்கைப் பள்ளி நிர்வாகம் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் அந்த அறிவிப்பு வேறு மாதிரி வந்திருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதையே வேறு சொற்களில் சொல்லியிருக்கிறது. புனேயைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று தயாரித்த வீட்டுப் பரிசோதனைக் கிட்டுக்கு 2021 மே மாதம் ஒப்புதல் அளித்தபோதே, அறிகுறி உள்ளவர்களும் தொற்று உறுதியானவரோடு நெருங்கிப் பழகியவர்களும் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும், கண்டபடி சோதிக்கக் கூடாது என்று அது அறிவுறுத்தியது. 2022 ஜனவரி 10 அன்று வெளியிட்ட அறிவுரையில் பரிசோதனை தேவைப்படாதவர்களின் பட்டியலையும் தந்தது. அறிகுறி இல்லாத பொதுமக்களும், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பயணம் செய்பவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் இந்த இரண்டு வகையிலும் அடங்குகிறார்கள்.

"கேரளப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும்" என்ற சொற்களைப் படித்தபோது எனக்கு 2021 ஆகஸ்ட் நினைவுக்கு வந்தது. அந்த மாதம் 5-ஆம் தேதி முதல், 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சான்றோ இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ இல்லாமல் கேரளத்திலிருந்து வருபவர்களைத் தமிழக எல்லையில் அனுமதிக்கவில்லை. வாளையாரில் வண்டிகள் வரிசைகட்டி நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. சரியோ தவறோ, அது அரசு போட்ட ஆணை. காலம் முடிந்ததும் அரசே விலக்கிக்கொண்டது. தொற்றுநோய்ச் சட்டம் 1897, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 ஆகியவற்றின் கீழ் அரசும் மாவட்ட நிர்வாகமும் இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளை விதிக்கலாம். ஒரு பள்ளியின் வாட்ஸ்அப் செய்தி அந்த வகையில் சேராது. அது வேண்டுகோள் மட்டுமே. மேலும் உங்கள் வேனின் ஓட்டுநரும் பள்ளியின் ஆசிரியர்களில் சிலரும் அதே சாவடியைத் தினமும் கடந்துதான் வருவார்கள். பொள்ளாச்சிச் சந்தைக்குக் காய்கறி வாங்க வருகிறவர்களில் பலரும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தாம். வீட்டு முகவரியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, ஆனால் வகுப்பில் அதன் விளைவு உண்டு: "அவள் கேரளாக்காரி, பக்கத்தில் உட்காராதே" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லத் தொடங்க ஒரு வாரம் போதும்.

பிற நாடுகளில் பள்ளிகள் பரிசோதனை கேட்கவில்லையா என்று நிர்வாகம் கேட்கக்கூடும். கேட்டார்கள். இங்கிலாந்தில் 2021 மார்ச் 8 அன்று பள்ளிகள் திறந்தபோது மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் வாரம் இருமுறை வீட்டில் சோதித்துக்கொள்ளும்படி கேட்கப்பட்டார்கள். ஆனால் கிட்டுகள் இலவசமாகத் தரப்பட்டன, பெற்றோரின் சம்மதம் வேண்டியிருந்தது, மறுத்தவர்களும் வகுப்புக்கு வரலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பள்ளிகளில் 2021-22 கல்வியாண்டில் வாராந்திரப் பரிசோதனை கட்டாயமாகவே இருந்தது என்றாலும், அதைப் பள்ளி நிர்வாகம் தன் செலவில் பள்ளி வளாகத்திலேயே செய்தது. இவை யாவும் தடுப்பூசி பிள்ளைகளை இன்னும் எட்டாத, அல்லது அப்போதுதான் எட்டிய காலத்து ஏற்பாடுகள். வீட்டுக் கிட் 2021-இல் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 250 ரூபாய். அந்த விலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் மாதம் எட்டு கிட் என்றால் 2,000 ரூபாய் ஆகிறது. அவ்வளவையும் பெற்றோர் தலையில் கட்டிவிட்டு வெளிநாட்டை உதாரணம் காட்டுவது முறையல்ல.

வாட்ஸ்அப் குழு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளையின் உடல்நிலை வகுப்பு ஆசிரியருக்கும் தலைமை ஆசிரியருக்கும் தெரிந்தால் போதும். நாற்பது பெற்றோரின் கைப்பேசியில் அது ஏன் இருக்க வேண்டும்?

உங்கள் கடிதத்தில் மூன்று செய்திகள் இருந்தால் போதும். காய்ச்சலோ தொடர் இருமலோ இருந்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம். மருந்து கொடுக்காமலேயே ஒரு நாள் முழுவதும் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகே அனுப்புவோம். வீட்டில் யாருக்காவது தொற்று உறுதியானால் தலைமை ஆசிரியருக்கு நாங்களே நேரில் தெரிவிப்போம். இப்படி எழுதிக் கொடுக்கும் பெற்றோரின் பிள்ளையை வெளியே நிறுத்துவது எந்தப் பள்ளிக்கும் எளிதல்ல. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டமும் எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்குவதைத் தடை செய்கிறது. எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காய்ச்சலைப் பனி என்று சொல்லும் அந்தப் பக்கத்துப் பேச்சுவழக்கில் "குழந்தைக்குப் பனி" என்று எழுதிவிட்டால், பொள்ளாச்சி ஆசிரியைக்கு மார்கழி மாதம்தான் நினைவுக்கு வரும்.

பிள்ளைக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்து, வீட்டில் வயதான பாட்டியோ நீரிழிவு உள்ளவரோ இருந்தால், அப்போது கிட் வாங்கிச் சோதிப்பது பயனுள்ளது. பஞ்சுக்குச்சியை இரண்டு நாசியிலும் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் வரை விட்டு ஐந்து முறை சுழற்ற வேண்டும். பதினைந்தாவது நிமிடத்தில் முடிவைப் பார்க்க வேண்டும். இருபது நிமிடம் கழித்துத் தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. காய்ச்சல் இருந்தும் "இல்லை" என்று வந்தால் அதை நம்பி இருந்துவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பாலக்காட்டில் நிபா என்று செய்தி வந்தபோது, விடுமுறைக்கு அங்கே போய் வந்த பிள்ளைகள் "நிபா இல்லை" என்று லேபில் சான்று வாங்கி வர வேண்டும் என எங்கள் பள்ளியில் சொன்னார்கள். கோவையில் நான் கேட்ட எந்த லேபிலும் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். எங்கே எடுப்பது? (வேலந்தாவளம் வாசகர்)

பதில்: எங்கும் எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. நிபாவுக்குக் கடையில் வாங்கும் கிட் கிடையாது. சந்தேகத்துக்குரிய நோயாளியின் மாதிரியைச் சுகாதாரத் துறைதான் எடுத்து, உரிய பாதுகாப்பு வசதி கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்பும்; புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் அவற்றில் முதன்மையானது. 2018 மே மாதம் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் பரவியபோது அது பெரும்பாலும் நோயாளியை அருகிலிருந்து கவனித்தவர்களுக்கும் மருத்துவமனையில் இருந்தவர்களுக்குமே தொற்றியது. ஒரு மாவட்டத்துக்குப் போய் வந்ததனாலேயே தொற்றுகிற நோய் அல்ல அது. உங்கள் பிள்ளை நோயாளியோடு தொடர்பில் இருந்திருந்தால் கேரளச் சுகாதாரத் துறையே உங்களைத் தேடி அழைத்து, 21 நாள் கண்காணிப்பில் வைத்திருக்கும். பள்ளிக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால், தமிழகத்தின் 104 எண்ணையோ கேரளத்தின் 1056 எண்ணையோ அவர்களே அழைத்துக் கேட்கட்டும்.

கேள்வி: ஆரியங்காவில் இருக்கிறோம். நான்கு வயது மகன் செங்கோட்டையில் எல்.கே.ஜி. படிக்கிறான். கையிலும் காலிலும் கொப்புளம் வந்ததும் "தக்காளிக் காய்ச்சல், டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று வந்தால்தான் சேர்ப்போம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டரோ டெஸ்ட் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். 2022 மே மாதம் கொல்லம் மாவட்டத்தில் இந்த நோய் பரவியபோது பாதிக்கப்பட்ட இடங்களில் உங்கள் ஆரியங்காவும் ஒன்று. அந்த ஜூலை இறுதிக்குள் ஐந்து வயதுக்கு உட்பட்ட 82 குழந்தைகளுக்கு வந்திருந்ததாகப் பதிவானது. கொப்புளம் சிவந்து உருண்டிருப்பதால் வந்த பெயரே தவிர, தக்காளிக்கும் இதற்கும் தொடர்பில்லை. (அந்த நாட்களில் சந்தையில் தக்காளி வாங்கத் தயங்கியவர்களும் உண்டு.) காக்சாக்கி வகை நச்சுயிரியால் வரும் கை-கால்-வாய் நோயின் ஒரு வடிவம் இது. மருத்துவர் வாயிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உள்ள புண்களைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்; ஐயமான அல்லது கடுமையான நிலையில் மட்டுமே மாதிரி எடுத்து அனுப்புவார்கள். குணமான பிறகும் பல வாரங்களுக்கு மலத்தில் இந்த நச்சுயிரி இருக்கலாம் என்பதால், "நெகட்டிவ் வந்தால்தான்" என்று பள்ளி பிடிவாதம் பிடித்தால், நன்றாக ஓடியாடும் பிள்ளை காரணமின்றி ஒரு மாதம் வீட்டில் இருக்க நேரிடும்.

பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே ஆறிவிடும். காய்ச்சல் நின்று, கொப்புளங்கள் காய்ந்த பிறகு மருத்துவரின் சீட்டோடு அனுப்புங்கள். அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்கச் சொன்ன பள்ளியின் பக்கம் நியாயம் இருக்கிறது. வாய்ப்புண்ணால் தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, மயங்கி மயங்கித் தூங்கினாலோ, உடல் தூக்கித் தூக்கிப் போட்டாலோ, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: பீர்மேடு வட்டாரத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை நான். பெற்றோர் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்கள். காய்ச்சல் பரவும் நாட்களில் பரிசோதனை செய்துவிட்டு அனுப்புங்கள் என்றால், மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அமுக்கி அனுப்பிவிடுகிறார்கள். பதினோரு மணிக்குப் பிள்ளை சுருண்டு படுத்துவிடுகிறது. எப்படிக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்?

பதில்: உங்கள் கேள்வியில் பெற்றோர் மேல் கோபம் இல்லாததைக் கண்டு மகிழ்ந்தேன். பிள்ளை வீட்டில் இருந்தால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. பிள்ளைக்கு மதிய உணவும் போகிறது. அதோடு பரிசோதனைக்கும் காசு கேட்டால் அவர்கள் மறைக்கத்தான் செய்வார்கள். ஆகவே முதலில் பரிசோதனை என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். காலையில் வகுப்புக்குள் நுழையும்போது "இன்றைக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளைகள் இதற்குப் பொய் சொல்வதில்லை. சொன்ன பிள்ளையை மற்றவர்கள் முன்னால் எழுப்பி நிறுத்தாமல் இருந்தால், மறுநாளும் உண்மையைச் சொல்லும்.

முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் இந்த ஆண்டு அதை நிறுத்திவிடுங்கள். காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தூண்டுவதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. ஒரே வகுப்பில் நான்கைந்து பிள்ளைகள் ஒரே வாரத்தில் படுத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதுங்கள்; பரிசோதனை தேவையா, எது தேவை என்பதை அவர்கள் முடிவு செய்து அரசுச் செலவில் எடுப்பார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது உங்களைவிட ஆஷா பணியாளருக்கு நன்றாகத் தெரியும். வாரம் ஒருமுறை அவரைப் பள்ளிக்கு வரச் சொல்லிப் பேசுங்கள். ஏலத்தோட்டத்துக்குக் கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்து போகும் தாய்மார்களை மாலை நேரக் கூட்டத்துக்கு அழைத்தால் வர முடியாது. ஜீப் நிற்கும் இடத்துக்கே நீங்கள் காலையில் ஒருநாள் போய்விட வேண்டியதுதான்.