மூலை இணைப்புக்கு எந்த கிளாம்ப்?

கேள்வி: படச்சட்டம் செய்ய, மூலையில் கட்டைகளைப் பிடித்து நிறுத்தும் கார்னர் கிளாம்ப் நான்கு வாங்கினேன். மூன்று மூலை கச்சிதமாகச் சேர்கிறது, நான்காவதில் இடைவெளி. கிளாம்ப் மட்டமான சரக்கா?

பதில்: கோளாறு வெட்டில். நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் 45க்குப் பதில் 44.5 டிகிரி ஆனால், மொத்தம் 4 டிகிரி குறைந்து, அத்தனையும் கடைசி மூலையில் வந்து நிற்கும். எதிரெதிர்க் கட்டைகளின் நீளம் சற்றே மாறினாலும் இடைவெளி விழும். பசை தடவுமுன் வெறுமனே சேர்த்துப் பாருங்கள்.

'துல்லியமான 90 டிகிரி' என்று அச்சடித்து கார்னர் கிளாம்பை விற்பதுதான் எனக்குப் பொறுக்காது. கார்னர் கிளாம்ப் கட்டைகளை அசையாமல் பிடிக்கும், அவ்வளவே. வெட்டுமுகங்களை ஒன்றோடொன்று இறுக்காது. இந்த இணைப்புக்கு வேண்டியதோ அந்த இறுக்கம். அதைத் தருவது பட்டை கிளாம்ப். நைலான் பட்டை சட்டத்தைச் சுற்றி வந்து நான்கு மூலையையும் ஒரே சமயத்தில் இழுக்கும். இறுக்கியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். நீளமாக உள்ளதன் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்தினால் சதுரம் நேராகும். பசை மெல்லிய கோடாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். மேலும் முறுக்கினால் கட்டை வழுக்கும். குறுக்கே வெட்டிய மரம் பசையைக் குடித்துவிடும். முதலில் மெல்லிய பூச்சு, சில நிமிடம் கழித்து இரண்டாம் பூச்சு, பிறகு சேர்ப்பு. ஒரு நாள் ஆகாமல் பாரம் ஏற்றாதீர்கள்.

கேள்வி: தள்ளுபடியில் ஆறு கிளாம்ப் வாங்கினேன். என் கட்டை 8 செ.மீ., கிளாம்ப் 6 செ.மீ. வரைதான் விரிகிறது. என்ன செய்ய?

பதில்: அந்த அளவு விற்பனைக் குறிப்பிலேயே இருக்கும். படித்துவிட்டு வாங்குங்கள். இப்போதைக்கு மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: வளைய ஸ்பிரிங் கிளாம்ப் நல்லதா?

பதில்: மேலே பெயின்ட் அடிக்கப்போகும் பொருளுக்கு மட்டும். அதன் கூர்முனை மரத்தில் குழி போடும். வார்னிஷில் அது பளிச்செனத் தெரியும். நான் வாங்கிய செட்டில் முனைகளும் சீக்கிரமே மழுங்கின. சிறு பெட்டிக்கு மாஸ்கிங் டேப் போதும்: பலகைகளை வெளிப்பக்கம் மேலே தெரிய வரிசையாக வைத்து, சேருமிடங்களில் டேப் ஒட்டி, கவிழ்த்துப் பசை தடவி மடக்குங்கள்.

கேள்வி: கிளாம்ப் ஒன்று வாங்கினேன். விளம்பரப் படத்தில் அலுமினிய மூலைத்துண்டு, வந்தது பிளாஸ்டிக். முதல் இறுக்கலிலேயே விரிசல். பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணம் தர மாட்டார்களாம்.

பதில்: பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? உங்கள் மேல் தப்பில்லை. விளம்பரப் படம், விரிசலின் படம், ரசீது மூன்றையும் இணைத்து, 'சொன்ன பொருள் வேறு, அனுப்பியது வேறு' என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தை அவர்கள் மாற்றுமுன் இன்றே படமெடுத்து வையுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் புகார் கொடுங்கள். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.