தேய்ந்த ஸ்குரூவும் பரலும்: கேள்வி பதில்

குழாய், பொலித்தீன் பை, கதிரை, வாளி செய்யிற ஆக்களிட்டை இருந்து வந்த கேள்விகள் இவை. கேட்க முதல் ஒரு வேண்டுகோள்: ஸ்குரூவின்ர (பிளாஸ்ரிக்கை உருக்கித் தள்ளுற தண்டு) வெளிவிட்டத்தையும் பரலின்ர (அது உள்ளே சுத்துற தடிச்ச குழாய்) உள்விட்டத்தையும் அளந்து எழுதுங்கோ. இரண்டும் ஒரு சோடி. ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் காசு வீணாகும்.

கோண்டாவில்: 60 மி.மீ. எக்ஸ்ட்ரூடரில (பிளாஸ்ரிக்கை உருக்கித் தொடர்ந்து தள்ளுற மெசின்) பை ஊதுறம். முந்தின மாதிரிப் பொருள் வருகுதில்லை. வேகத்தைக் கூட்டினால் சூடேறிக் குமிழ் ஆடுது. ஸ்குரூ முடிஞ்சுதோ?

தேய்ஞ்சிருக்கலாம். ஆனால் முதலில சல்லடை வலையை மாத்துங்கோ. வலை அடைபட்டால் முன்பக்க அமுக்கம் ஏறும். உருகின பொலித்தீன் பிளைற்றுக்கு (ஸ்குரூவின்ர மரை விளிம்புக்கு) மேலால பின்னுக்கு ஒழுகும். அறிகுறி தேய்மானம் மாதிரியேதான் இருக்கும். புது வலையிலயும் அப்படியே எண்டால் ஸ்குரூவைக் கழட்டுங்கோ.

புதுச் சோடியில ஒரு பக்க இடைவெளி ஏறத்தாழ விட்டத்தில ஆயிரத்தில ஒரு பங்கு. 60 மி.மீ.க்கு 0.06. அது 0.18, 0.20 எண்டு மூன்று மடங்காகும்போது முன்னுக்குப் போகவேண்டியது திரும்பத் திரும்ப அதே இடுக்கால அரைபட்டுச் சூடாகுது. நீங்கள் வேகத்தைக் கூட்ட, அரைபடுறதும் கூடுது. உங்கட குமிழ் ஆடுறது பெரும்பாலும் அதாலதான்.

அளக்கிற முறை: சூட்டோட பித்தளைத் தூரிகையாலயும் செப்பு வலையாலயும் துடையுங்கோ. இரும்புச் சுரண்டி வேண்டாம். இரண்டும் அறைச் சூட்டுக்கு ஆறட்டும். ஒற்றை இழை ஸ்குரூவில ஒரு பிளைற்றுக்கு நேர் எதிரே பள்ளம்தான் இருக்கும், மைக்ரோமீற்றர் நேரே பிடிக்காது. சமனாக் கிறைண்ட் பண்ணின ஒரு பட்டையை இரண்டு பிளைற்றுக்கு மேலால வைச்சு அளந்து, பட்டையின்ர தடிப்பைக் கழியுங்கோ. 60 மி.மீ.க்கு ஒருக்கா, பின்பக்கத்தில இருந்து நுனி வரைக்கும். பரலுக்கு போர் கேஜ் (உள்விட்டம் அளக்கிற கருவி). அதே இடங்களில மேல் கீழ் ஒருக்கா, இடம் வலம் ஒருக்கா. பரல் அளவில இருந்து ஸ்குரூ அளவைக் கழிச்சு, இரண்டால பிரிச்சால் ஒரு பக்க இடைவெளி.

எங்க தேய்ஞ்சிருக்கு எண்டது காரணத்தைச் சொல்லும். பரலின்ர அடிப்பக்கம் மட்டும் தேய்ஞ்சு முட்டை வடிவமாகியிருந்தால் பெரும்பாலும் பரலும் கியர்ப்பெட்டியும் நேர்கோட்டில இல்லை. நடுவில, அமுக்கம் ஏறுற பகுதியில தேய்மானம் எண்டால் உருகாத மணிகள் ஆப்பு மாதிரி இறுகி ஸ்குரூவை ஒரு பக்கம் தள்ளுது. பின் வலயச் சூட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கோ. முன்பக்கம் எண்டால் கல்சியம் காபனேற்று, கண்ணாடி நார் மாதிரி அராவுற கலப்பு. காரணத்தை விட்டிட்டுத் தேய்மானத்தை மட்டும் திருத்தினால் அதே இடம் திரும்பவும் தேயும்.

குருநகர்: பழைய மீன்வலையை உருக்கி மணியாக்கிறம். ஸ்குரூ தேயாமல் இருக்க இன்னும் நுண்ணிய சல்லடை வலை போடட்டோ?

சல்லடை ஸ்குரூவின்ர நுனிக்கு அப்பால இருக்கிறது. மண் ஸ்குரூ முழுக்க அராவிப்போட்டுத்தான் அங்க போய்ச் சேரும். அது டையைத்தான் (கடைசியில வடிவம் குடுக்கிற அச்சை) காப்பாத்தும். கழுவுறதுதான் மருந்து: வெட்டி, நல்ல தண்ணியில இரண்டு தரம். கடல் உப்பும் போகவேணும், அது உருக்கை அரிக்கும். தண்ணித் தொட்டியிலயே பிரிச்செடுங்கோ. நைலோன் தாழும், பொலித்தீன் மிதக்கும். இரண்டும் கலந்து பொலித்தீன் சூட்டில ஓட்டினால் நைலோன் உருகாமல் கல்லு மாதிரிப் போகும். ஹொப்பரில (பொருள் போடுற புனலில) காந்தமும் வையுங்கோ. இந்த வேலைக்கு நைற்றைட் (மேற்படையில நைதரசன் ஏத்திக் கடினமாக்கின) பரல் தாங்காது. உள்ளே கடின உலோகம் வார்த்த இரட்டை உலோகப் பரல்தான் சரி.

மானிப்பாய், லேத் பட்டறை: தேய்ஞ்ச பிளைற்றுக்கு மேல கடின உலோகம் வெல்ட் பண்ணினால் ஊசித்துளை ஊசித்துளையா வருது. கம்பி பிழையோ?

கம்பி பிழையில்லை. அந்த ஸ்குரூ நைற்றைட் பண்ணினது. மேற்படையில நைதரசன் இருக்கு. வெல்டிங் சூட்டில அது வாயுவா வெளிக்கிட்டு, உருகின உலோகத்துக்குள்ள துளையா நிக்குது. படையை முழுக்க எடுக்காமல் வெல்ட் பண்ணக்கூடாது. படை பெரும்பாலும் அரை மி.மீ. சுற்று, சிலதில 0.7 வரை. அரத்தை வைச்சுப் பாருங்கோ: நைற்றைட்டில அரம் வழுக்கிக்கொண்டு போகும், கீழ் உருக்கில கடிக்கும். கடிக்கிற வரைக்கும் கிறைண்ட் பண்ணுங்கோ, பிளைற்றின்ர பக்கச் சுவர்களிலயும். குரோம் இருந்தால் அதையும் முதலே எடுக்கவேணும்.

பிறகு பிளைற்றின்ர தலையை ஒரு பக்கம் 1.5 மி.மீ. அளவு தாழ்த்தி இடம் எடுங்கோ. 300 பாகை அளவுக்கு முழு நீளமும் சீரா முன்சூடு, சூட்டுச் சோக்கால (குறிச்ச சூட்டில உருகுற சோக்) பார்த்து. வெல்ட் முடியும் வரைக்கும் அந்தச் சூடு இறங்கக்கூடாது. கம்பி ஸ்ரெலைற் 6, 12 அல்லது கொல்மொனோய் 56. எந்தப் பரலுக்குள்ள ஓடப்போகுது எண்டு விக்கிறவரிட்டைச் சொல்லி வாங்குங்கோ. உழவு இயந்திரக் கொழுவுக்குப் போடுற கடினக் கம்பியைக் கொண்டுவராதையுங்கோ, அது பரலைத் தின்னும். முடிஞ்ச உடனே காய்ஞ்ச சுண்ணாம்புத் தூளுக்குள்ளயோ சாம்பலுக்குள்ளயோ புதைச்சு, கை வைக்கிற சூட்டுக்கு வரும்வரை விடுங்கோ. தூள் ஈரமா இருந்தால் வெடிப்பு நிச்சயம். ஆறினால் ஸ்குரூ வளைஞ்சுதான் இருக்கும். டயல் வைச்சு நிமிர்த்தின பிறகுதான் கிறைண்டிங். பக்கத்துக்கு அரை மி.மீ. கூடுதலா வெல்ட் நிக்கவேணும். கூலன்ற் தாராளமா ஓடட்டும். கடைசியா வேர்ப்பகுதியை (பிளைற்றுகளுக்கு இடையில உள்ள பள்ளத்தின்ர அடியை) மினுக்குங்கோ, சொரசொரப்பா இருந்தால் பிளாஸ்ரிக் அங்க ஒட்டிக் கருகும்.

குறுக்கே மயிரிழை வெடிப்பு இந்த உலோகங்களில வழமை, பயப்படவேண்டாம். அது கீழ் உருக்குக்குள்ள இறங்கினாலோ ஓரம் உதிர்ந்தாலோ திரும்பச் செய்யவேணும்.

உரும்பிராய்: ஒரு ஸ்குரூ திருத்த எவ்வளவு முடியும்?

விட்டம், நீளம், தேய்மானம் தெரியாமல் விலை சொல்லேலாது. அளவுங்கோ.

நெல்லியடி: வாளி வார்க்கிற மெசின். ஒருக்கா நிரம்புது, ஒருக்கா நிரம்புதில்லை. பரல் மாத்தச் சொல்லீனம்.

பொறுங்கோ. முதலில செக் ரிங்கைப் (ஸ்குரூ நுனியில உருகினது பின்னுக்கு வராமல் தடுக்கிற வளையம்) பாருங்கோ. தாங்கமுக்கம் (அச்சு நிரம்பின பிறகு பிடிச்சு வைக்கிற அமுக்கம்) நிக்கிற நேரம் ஸ்குரூ மெல்ல மெல்ல முன்னுக்கு ஊர்ந்து குஷன் (நுனிக்கு முன்னால மிச்சமா நிக்கிற உருகின பிளாஸ்ரிக்) இல்லாமல் போனால் ரிங்கோ அதின்ர இருக்கையோ ஒழுகுது. பரலைவிட அது மிக மலிவு. நுனி பெரும்பாலும் இடக்கை மரை, வழமைக்கு மாறாத் திருப்பவேணும். டோர்ச் பிடிச்சு இறுக்கிப் போராடி உடைக்காதையுங்கோ. ரிங் மாத்தியும் ஊர்ந்தால், ரிங் ஓடுற அந்தத் துண்டுப் பரலை போர் கேஜால அளவுங்கோ. அங்கதான் வட்டமாப் பள்ளம் விழும்.

அச்சுவேலி: பி.வி.சி. குழாய், 65/132 கூம்பு இரட்டை ஸ்குரூ. தேய்மானத்துக்கு ஸ்குரூவை முன்னுக்குத் தள்ளலாம் எண்டினம், உண்மையோ?

உண்மை. கூம்பு வடிவத்தின்ர நன்மையே அதுதான். 132இல இருந்து 65க்கு ஏறத்தாழ 1,440 மி.மீ. நீளத்தில ஒடுங்குது, ஆகவே 1 மி.மீ. முன்னுக்குத் தள்ளினால் ஒரு பக்க இடைவெளி 0.023 மி.மீ. குறையும். வால் பக்க ஷிம்மால (மெல்லிய இடைத்தகடு) இரண்டையும் ஒரே அளவு தள்ளுங்கோ. டையைக் கழட்டி நுனியில பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டு நாலு பக்கமும் பாருங்கோ. கவனம்: பின்பக்கம் பெரும்பாலும் குறைவாத் தேய்ஞ்சிருக்கும், முதலில முட்டுறது அங்கதான். கையால ஒரு முழுச்சுற்று சுத்திப் பார்க்காமல் மோட்டரைப் போடாதையுங்கோ.

பி.வி.சி.யை உள்ளே வைச்சு நிப்பாட்டாதையுங்கோ. கருகினால் ஐதரசன் குளோரைட்டு வரும், பரலைக் குழிகுழியா அரிக்கும். பொலித்தீனால தள்ளிப்போட்டு நிப்பாட்டுங்கோ.

சாவகச்சேரி: பரல் அரை மி.மீ. தேய்ஞ்சிட்டுது. ஸ்குரூவை அந்த அளவுக்குப் பெருசாக் கட்டினால் பரலைத் தொடத் தேவையில்லைத்தானே?

இல்லை. பரல் முழுக்க ஒரே அளவா தேயாது. பின்பக்கம் 60.00, நடு 60.50 எண்டு இருந்தால் 60.40 ஸ்குரூ வாயிலயே நிக்கும். உள்ளே போகவேணுமெண்டால் பரல் முழுவதையும் 60.60 அளவுக்கு ஹோன் பண்ணவேணும் (உள்ளால உரஞ்சிப் பெருப்பிக்கவேணும்). அப்ப பக்கத்துக்கு 0.30 போகும், கடினப்படையின்ர நல்ல பங்கு அதோட போயிடும். மிச்சம் மென்மையானது, கெதியாத் தேயும்.

அச்சுவேலி: ஐயா, அதை ஏற்கேலாது. ஹோன் பண்ணித் திரும்ப நைற்றைட் பண்ணினால் கடினம் வந்திடும். இரட்டை உலோகப் பரலில வார்ப்புப் படை 1.5, 2 மி.மீ. இருக்கு, அங்க நைற்றைட்டே தேவையில்லை.

இரட்டை உலோகப் பரலைப் பற்றிச் சொன்னது சரி, அங்க ஹோன் பண்ணிப் பெரிய ஸ்குரூ போடலாம். மீள நைற்றைட்டும் சரி, ஆனால் வரிசை மாறக்கூடாது. பலர் பிழைக்கிறது அங்கதான்: முதலில ஹோன், பிறகு நைற்றைட், நைற்றைட்டில துளை ஒரு மி.மீ.இன்ர நூறில சில பங்கு அசையும், ஆகவே லேசா மினுக்கு, அதுக்குப் பிறகு அளந்து, அந்த அளவுக்குத்தான் ஸ்குரூவைக் கிறைண்ட் பண்ணவேணும். ஸ்குரூவை முதலே முடிச்சால் இடைவெளி தப்பும்.

சாவகச்சேரி: அப்ப உள்ளுக்கு உறை போடுறது நல்லதோ?

எக்ஸ்ட்ரூடருக்கு நல்லது. பரலைக் குடைஞ்சு, சூடாக்கி, உறையை இறுக்கமா இறக்குறது. ஸ்குரூ பழைய அளவிலயே இருக்கும், உதிரிப்பாகமும் வாங்கலாம். வார்ப்பு மெசினில முன்பக்க அமுக்கம் ஆயிரம் பார் தாண்டும். சுவர் தடிப்பைக் கணக்குப் பார்க்காமல் குடையிறது உயிராபத்து. அதை அந்த வேலைக்கெண்டே இருக்கிற பட்டறையிட்டை விடுங்கோ. பெரிய ஸ்குரூ போட்டால், வாலில “60.60” எண்டு எழுத்தாணியால அடிச்சுவிடுங்கோ, அடுத்ததா வாற ஆள் தெரியாமல் 60.00 போடாமல்.

சுன்னாகம்: கரண்ட் போய் வந்தால் உடனே ஓட்டலாமோ?

காட்டி சரியான சூடு காட்டினாலும் ஸ்குரூவின்ர நடு இன்னும் குளிர். குறைஞ்சது அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மெல்லத் தொடங்கி, மோட்டர் அம்பியரைப் பார்த்துக் கூட்டுங்கோ. அவசரப்பட்டால் வாலில முறியும்.

இணுவில்: உற்பத்தி குறைஞ்சிட்டுது, என்ன செய்யலாம்?

கோண்டாவில்காரருக்குச் சொன்னதுதான். வலை, பிறகு அளவு.

கொக்குவில்: பி.வி.சி. ஓடின பரலில அசற்றால் (இன்னொரு வகைப் பிளாஸ்ரிக்) போடலாமோ?

போடவேண்டாம். இரண்டும் சூட்டில சேர்ந்தால் அசற்றால் உடைஞ்சு போமல்டிகைட்டு வாயு வரும், அமுக்கம் ஏறி மூக்கால சீறும். இடையில பொலித்தீன் விட்டு, பரல், நுனி, நொசில் எல்லாம் சுத்தமாத் தள்ளி, நொசிலைக் கழட்டியும் பாருங்கோ. சந்தேகமெண்டால் ஸ்குரூவை இழுத்துத் துடையுங்கோ.