முதலில் விளக்கைப் பாருங்கள்!

(தஞ்சாவூர் வட்டாரத்தில் செம்புக் கம்பித் தொலைபேசி காலத்தில் லைன்மேனாகத் தொடங்கி, இன்றைய ஃபைபர் வரை முப்பது வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கியவர், வாசகர்களின் வைஃபை கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்களுடையது தெருவிலிருந்து கொல்லை வரை நீளும் பழைய வீடு. பேரன் கை வைத்துவிடுவான் என்று ரூட்டரைக் கூடத்தில் பீரோவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். இரண்டாம் கட்டில் மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அங்கே சிக்னல் ஒரு கோடுதான், மீட்டிங் நடுவில் அறுந்துபோகிறது. சிக்னலை நீட்டிக் கொடுக்கும் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. முதலில் பேரனிடமிருந்து காப்பாற்ற வேறு இடம் பாருங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரூட்டரை வைப்பது, குத்துவிளக்கை ஏற்றி அண்டாவைக் கவிழ்த்து மூடியது மாதிரி. அலை இரும்பில் பட்டுத் திரும்பிவிடும்.

உங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவர்களை எனக்குத் தெரியும். ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புக் காரை. மழைக்காலத்தில் ஊறியிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடும். ஆனால் அதே வீட்டில் உங்களுக்கு ஒரு கூட்டாளியும் உண்டு: முற்றம். நடுவில் சுவரே இல்லாத வெட்டவெளி. இதே மாதிரி ஒரு வீட்டில் ரூட்டரை எட்டடிதான் நகர்த்தினேன். கூடத்துத் தூணில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, முற்றத்தைப் பார்த்தபடி. இரண்டாம் கட்டில் மைனஸ் 82 காட்டிய சிக்னல் மைனஸ் 64-க்கு வந்துவிட்டது. (போனில் வைஃபை அளக்கும் செயலி போட்டால் இந்த எண் தெரியும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க இருக்க நல்லது. வீடியோ மீட்டிங்குக்கு மைனஸ் 67-க்குள் இருந்தால் கவலை இல்லை, மைனஸ் 80-ஐத் தாண்டினால் அறுபடத்தான் செய்யும்.)

ஒன்று மட்டும். வெளியிலிருந்து வரும் மெல்லிய ஃபைபர் வயரை நீங்களே இழுக்காதீர்கள். அது உள்ளே கண்ணாடி இழை. இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது எக்ஸ்டெண்டர். விலை குறைந்த எக்ஸ்டெண்டரில் ரேடியோ ஒன்றுதான் இருக்கும். ரூட்டரிடம் கேட்பதும் அதே வாய், மகளின் லேப்டாப்பிடம் சொல்வதும் அதே வாய். ஒரே விஷயத்தை இரண்டு தடவை பேச வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகிவிடும். அதையும் சிக்னல் இல்லாத இரண்டாம் கட்டிலேயே செருகி வைப்பார்கள். தனக்கே கேட்காததை அது எப்படி எடுத்துச் சொல்லும்?

நான் செய்வது வேறு. கூடத்து ரூட்டரிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு லேன் கேபிள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். முற்றத்து வெயில் படும் இடத்தில் மட்டும் பி.வி.சி. பைப்புக்குள் விடுங்கள். அந்த முனையில் பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை மாட்டலாம். அதன் அமைப்புக்குள் போய், போன், லேப்டாப்புக்கெல்லாம் முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுத்துக் குழப்புவார்கள். கூடத்து ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று வையுங்கள். கேபிளை 'வேன்' (WAN) என்று போட்ட துளையில் செருகாமல் 'லேன்' (LAN) துளையில் செருகுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால் மகள் எந்தக் கட்டில் உட்கார்ந்தாலும் வேலை நடக்கும்.

கேள்வி: நாங்கள் இருப்பது அடுக்குமாடி. பகலில் நன்றாக இருக்கும் நெட், இரவு ஏழு மணிக்கு மேல் இழுக்கிறது. ஆனால் போனில் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது. யார் மேல் தப்பு?
- வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: போனில் தெரியும் கோடுகள், போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில் உள்ள பத்தடிக் கதையை மட்டும்தான் சொல்லும். ரூட்டருக்கு அந்தப் பக்கம் ஊரே பற்றி எரிந்தாலும் கோடு முழுசாகத்தான் நிற்கும்.

தொலைபேசி காலத்தில் புகார் வந்தால் நாங்கள் வீட்டுக்குள் நுழைய மாட்டோம். தெருவில் வீடுகளுக்குக் கம்பி பிரியும் டி.பி. பெட்டியைத் திறந்து, டெஸ்ட் போனை மாட்டி டோன் வருகிறதா என்று கேட்போம். அங்கே டோன் இருந்தால் பழுது வீட்டுப் பக்கம், இல்லாவிட்டால் எக்ஸ்சேஞ்ச் பக்கம். பாதி ஊரை அப்படியே கழித்துவிடலாம். நீங்களும் அதையே செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு நேராக மாட்டி வேகம் பாருங்கள். கேபிளிலும் மெதுவாக இருந்தால் உங்கள் வைஃபை நிரபராதி, வெளியே லைனில் நெரிசல். மூன்று நாள் அளந்து நேரத்தோடு எழுதிவைத்துப் புகார் கொடுங்கள்.

கேபிளில் வேகமாக இருந்தால் குற்றவாளி காற்றில் இருக்கிறான். வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. உங்கள் மாடியில் இருபது ரூட்டர் இருந்தால் அத்தனையும் அந்த மூன்று பாதையில்தான் முட்டி மோதும். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் அதுவும் அதே அலைவரிசையில்தான் கத்தும். டிவி, லேப்டாப், புதிய போன்களை இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். அது சுவரைத் தாண்ட முடியாத சோப்ளாங்கி, ஆனால் இங்கே அதுவே நல்லது. பக்கத்து வீட்டுக்காரரின் அலையும் உங்கள் கூடத்துக்கு அவ்வளவாக வராது.

கேள்வி: 300 எம்.பி.பி.எஸ். வேகத் திட்டத்துக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. எத்தனை தடவை சோதித்தாலும் 94, 95. அதற்கு மேல் ஏறவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?
- வாசகர், ஈரோடு

பதில்: அந்த 94-தான் துப்பு. நெரிசல் என்றால் ஒரு நாள் 60, ஒரு நாள் 210 என்று ஆடும். 95-ல் சுவர் வைத்த மாதிரி நிற்கிறது என்றால் வழியில் எங்கோ ஒரு 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு இருக்கிறது. ஒன்று, ஃபைபர் வந்து சேரும் பெட்டியிலோ ரூட்டரிலோ உள்ள துளையே 100-க்கு மேல் தாங்காத பழையது. இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் போகும் கேபிள்.

லேன் கேபிளுக்குள் எட்டு கம்பி. 1000 எம்.பி.பி.எஸ். ஓட எட்டும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். மீதியில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு சாகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஒரு வீட்டில் இரண்டு ரூட்டர் மாற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். ஷோகேஸுக்குப் பின்னால் கேபிளை எலி கடித்திருந்தது. முழம் கேபிளுக்காக இரண்டு ரூட்டர்! நீங்கள் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்று வருகிறது. அணைத்து அணைத்துப் போட்டு அலுத்துவிட்டது.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: கரண்ட் வந்ததும் ஐந்து நிமிடம் அதைத் தொடாதீர்கள். பெட்டி எழுந்து, வெளியே தன் பெயரைப் பதிவு செய்துகொள்ள நேரம் வேண்டும். நீங்கள் ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் அது முதலிலிருந்து தொடங்குகிறது.

அப்புறம் விளக்கைப் பாருங்கள். 'பான்' (PON) விளக்கு பச்சையாக நின்றால் ஃபைபர் சரி. 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஃபைபர் வழியே வெளிச்சமே பெட்டிக்கு வரவில்லை. பாஸ்வேர்டை மாற்றுவது, ரீசெட் துளையில் ஊக்கைக் குத்துவது எல்லாம் வீண்வேலை. ரீசெட்டை அழுத்தினால் இருந்த அமைப்பும் அழிந்து, வேலை இரட்டிப்பாகும்.

சிவப்பு எப்போதும் தெருப் பிரச்சினையும் அல்ல. ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்கு வரும் அழைப்புகளே சாட்சி. ஒட்டடை அடித்துத் துடைத்து, ரூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தொங்கிய மஞ்சள் வயரை அழகாக ஆணியில் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். ஃபைபரை இறுக்கி வளைத்தால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். தேநீர்த் தட்டு அகலத்துக்குத் தளர்வாகச் சுற்றுங்கள், போதும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கேள்வி: புது ரூட்டர் மாட்டியதிலிருந்து பழைய ஸ்மார்ட் பல்பு இணையவே மாட்டேன் என்கிறது. போனெல்லாம் நன்றாக வேலை செய்கிறது. பல்பு போய்விட்டதா?
- வாசகர், சிவகாசி

பதில்: பல்பு நன்றாகத்தான் இருக்கும். அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். புது ரூட்டர் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் விடுகிறது. 2.4-க்குத் தனிப் பெயர் வைத்து, போனையும் அதிலேயே சேர்த்துப் பல்பை இணையுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பாதுகாப்பு அமைப்பு டபிள்யூ.பி.ஏ. 3-ல் இருக்கிறதா பாருங்கள். அதை 2-க்கு இறக்கினால் பல்பு எரியும்.