ரேம் ஏத்தறீங்களா? போர்டு மாடலைச் சொல்லிட்டுக் கேளுங்க

ஞாயித்துக்கெழம நம்ம கம்ப்யூட்டர் கடை லீவு. ரேம் பத்தி வந்து கெடக்கற கேள்விக்கெல்லாம் ஒட்டுக்கா பதில் போட்டர்றனுங்க. மொட்டையா கேட்டா மொட்டையாத்தான் பதில் வரும். போர்டுன்னு நான் சொல்றது ரேமைச் சொருகற மதர்போர்டை.

திருப்பூர், பனியன் கம்பெனி ஆபீஸ்: இன்டெல் ஐ5 நாலாம் தலைமுறை பிராசசர் இருக்கற டெஸ்க்டாப்புங்ணா, 4 ஜிபி ரேம் இருக்கு. டிடிஆர்4 ரக ரேம் 8 ஜிபி ஆஃபர்ல வருது, வாங்கிப் போடட்டுங்களா?

வேண்டாமுங்க. உங்க போர்டு டிடிஆர்3. அந்த ரக ரேம்ல 240 பின் (அடியில இருக்கற தங்கக் கலர் பல்லு), டிடிஆர்4ல 288. நடுவால இருக்கற வெட்டும் வேற எடத்துல இருக்கும். அழுத்திப் பார்த்தீங்கன்னா ஸ்லாட் ஒடையும், ரேம் ஏறாது. இன்டெல்ல சாதாரண டெஸ்க்டாப்புக்கு டிடிஆர்4 வந்ததே 2015ல, ஆறாம் தலைமுறையோட.

டிடிஆர்3 8 ஜிபியே தேடறப்பவும் சூதானமா இருங்க. ஆன்லைன்ல ரொம்ப மலிவா ஒரு ரகம் இருக்குது. வெவரத்துல ஒரு ஓரமா 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்'னு போட்டிருப்பாங்க. இன்டெல்ல போட்டா டிஸ்ப்ளேயே வராது. அப்புறம், விண்டோஸ் 32 பிட்டா இருந்தா 4 ஜிபிக்கு மேல போட்டும் புண்ணியமில்ல. மொதல்ல அதைப் பாருங்க. மாத்தறப்ப பிளக்கைப் புடுங்கிருங்க, ஷட்டவுன் மட்டும் பத்தாது.

கோபி, காலேஜ் படிக்கிற பொண்ணு: லேப்டாப்ல ரேம் ஏத்த முடியுமான்னு எப்படிங்ணா தெரிஞ்சுக்கறது?

நல்ல கேள்வி கண்ணு. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி. 'ஃபார்ம் ஃபேக்டர்'ங்கற எடத்துல சோடிம்னு (லேப்டாப்புல சொருகற சின்ன ரேம்) இருந்தா கழட்டி மாத்தற ரகம். 'ரோ ஆஃப் சிப்ஸ்'னு இருந்தா போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டுனது, அதைக் கழட்ட முடியாது. சில மாடல்ல அது போக ஒரு ஸ்லாட் காலியா இருக்கும், மாடல் பேரைப் போட்டுத் தேடிப் பாரு. ரெண்டுமே சோடிம்னாலும் டிடிஆர்4க்கு 260 பின், டிடிஆர்5க்கு 262, மாத்தி ஏறாது. தொடறதுக்கு முன்னால பேட்டரி வயரைக் கழட்டீரு.

கரூர்: பன்னெண்டாம் தலைமுறைக்கு டிடிஆர்4ஆ, 5ஆ?

பிராசசர் ரெண்டும் ஏத்துக்கும், போர்டு ஒண்ணைத்தான் ஏத்துக்கும். போர்டு மாடல்?

ஈரோடு, ஜவுளிக்கடை: இப்ப 2666 வேகத்துல 8 ஜிபி ஓடுது. வேற கம்பெனி 3200 ஒண்ணு பக்கத்துல போடலாங்களா?

போடலாமுங்க. ரெண்டும் 2666லயே ஓடும். டிடிஆர்4, 1.2 வோல்ட், இது ரெண்டும் ஒத்துப்போனாப் போதும்.

பல்லடம்: ஏனுங்ணா, ரெண்டு கம்பெனி ரேம் ஒட்டுக்கா போட்டா போர்டே போயிரும்னு எங்கூருக் கடைக்காரர் சொன்னாரே?

போகாதுங்க. ஒத்துப்போகலைன்னா ஸ்டார்ட் ஆகாது, இல்லாட்டி நடுவால தொங்கும். அவ்வளவுதான்.

கோவை கணபதி, லேத் பட்டறை: அந்தப் பல்லடம் கடைக்காரர் சொல்றது நெசந்தானுங்க. ரெண்டு கம்பெனி போட்டேன், மெஷினுக்கு புரோகிராம் போடற கேம் (CAM) சாஃப்ட்வேர் ஓடறப்பெல்லாம் நீல ஸ்கிரீன்.

பயாஸ்ல (ஸ்டார்ட் ஆகறப்ப வர்ற போர்டு செட்டிங்) எக்ஸ்எம்பி, அதாவது ரேம் வேகத்தை ஏத்தற செட்டிங், ஆன் பண்ணி வெச்சிருக்கீங்களா? ஒரு ரேமோட வேகத்துக்கு இன்னொண்ணை இழுத்தா அப்படித்தான் ஆகும். ஆஃப் பண்ணுங்க. அப்பவும் வந்தா ஒவ்வொண்ணாத் தனியாப் போட்டு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86ங்கற ரேம் சோதிக்கற சாஃப்ட்வேரை ஓட்டுங்க. ஒரு எரர் காட்டினாலும் பெரும்பாலும் அந்த ரேம்தான் கெட்டுது. கம்பெனியைத் திட்டறதுக்கு முன்னால இதைச் செய்யுங்க.

பல்லடம்: அப்ப 8ம் 4ம் போட்டா டூயல் சேனல் (ரெண்டு ரேமும் ஜோடியா ஓடி வேகம் தர்றது) வருங்களா?

பாதி வரும். இன்டெல்ல 4ம் 4ம் ஜோடியா ஓடும், மிச்சம் 4 தனியா ஓடும். நாலு ஸ்லாட் போர்டா இருந்தா பெரும்பாலும் பிராசசர்ல இருந்து ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல சொருகணும். பக்கத்துப் பக்கத்துல சொருகிட்டு வேகம் வரலைங்கறவங்கதான் எச்சா.

பல்லடம்: ஒரே 16 போட்டா மேல் இல்லீங்களா? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை.

டேலி ஓட்டறவங்களுக்குத் தெரியாதுங்க. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம டிசைன் வேலை பாக்கறவங்களுக்கு நல்லாத் தெரியும், அந்த கிராஃபிக்ஸ் இதே ரேமைத்தான் எடுத்துக்குது. பின்னாடி ஏத்தற எண்ணம் இருந்தா ஒரு 16, இல்லாட்டி ரெண்டு 8. இதோட இந்தப் பேச்சை உட்டுருவோம்.

பொள்ளாச்சி: என் சிஸ்டத்துக்கு எந்த ரேம் செட் ஆகும்?

போர்டு மாடல்.

நாமக்கல்: பழைய சர்வர் ரேம், டிடிஆர்4 16 ஜிபி, பாதி வெலைக்கு வருது.

லேபிள்ல 'ரெஜிஸ்டர்டு' இல்லாட்டி 'ஆர்டிம்'னு இருந்தா தொடாதீங்க. டெஸ்க்டாப் ஸ்லாட்ல அழகா உக்காரும், ஆனா ஸ்டார்ட் ஆகாது. உக்காந்துருச்சேன்னு காசைக் குடுத்துப்போட்டு வந்து நிக்கறவங்க நெறைய.

அவிநாசி: புது ரேம் போட்டதுக்கப்புறம் பீப் பீப்னு கத்துதுங்க.

பிளக்கைப் புடுங்குங்க. (எத்தன தடவ சொல்றது!) கழட்டி, தங்கக் கலர் பல்லை வெள்ளை ரப்பர்ல லேசாத் தேய்ச்சு, தூளை ஊதிட்டு, லாக் 'டக்'னு விழற வரைக்கும் அழுத்துங்க.

உடுமலை: எனக்கு எந்த ரேம்ங்ணா?

கரூர்க்காரருக்கும் பொள்ளாச்சிக்காரருக்கும் சொன்னதே.

தாராபுரம்: போன்ல ரேம் ஏத்த முடியுங்களா?

முடியாதுங்க.