கம்பெனி வேலையில் 18,786 கைக்கு வருகிறது, டெலிவரியில் 34,000 கிடைக்கும் என்கிறார்கள். வேலையை விடலாமா?

நீங்கள் கொடுத்த விவரம் இது: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி, குவாலிட்டி பிரிவு, நிரந்தர வேலை, 4 வருடம் 2 மாதம் சர்வீஸ். மொத்தச் சம்பளம் 20,500, அதில் பேசிக்கும் டிஏவும் (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) சேர்ந்து 13,000. மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, வாடகை வீடு, பைக் லோன். நண்பர் உணவு டெலிவரியில் மாதம் 34,000 எடுக்கிறார், நானும் போகட்டுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு விடாதீர்கள். குறைந்தது இன்னும் பத்து மாதம் பொறுங்கள். அதற்குள் மாலை நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

18,786 என்பது எல்லாம் பிடித்த பிறகு கையில் நிற்கும் பணம். 34,000 என்பது ஒரு ரூபாய்கூடக் கழிக்காத பணம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் வித்தியாசம் பதினைந்தாயிரமாகத் தெரிகிறது.

முதலில் சம்பளப் பக்கம். உங்களிடம் பிடிக்கும் பிஎஃப் 13,000க்கு 12 சதவீதம், அதாவது 1,560. அது உங்கள் பணம்தான், உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. கம்பெனியும் அதே 1,560 போடுகிறது, அதில் 13,000க்கு 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்கும் மீதி பிஎஃப்புக்கும் போகிறது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், 154 ரூபாய். கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 667. வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 13,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருடம் 7,500, மாதக் கணக்கில் 625. போனஸ் குறைந்தபட்ச 8.33 சதவீதத்தை 7,000 ரூபாய்க்கு மட்டும் போட்டாலும் மாதம் 583 ஆகிறது. எல்லாம் கூட்டினால் உங்கள் வேலையின் மதிப்பு மாதம் 23,935. கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ், தமிழ்நாட்டுச் சட்டப்படி வருடம் 9 தேசிய, பண்டிகை விடுமுறை, சம்பளத்தோடு கூடிய லீவு எதையும் இதில் சேர்க்கவில்லை.

இனி டெலிவரி. 26 நாள், நாளைக்கு 11 மணி நேரம் லாகின், 22 ஆர்டர், 130 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 34,000 எடுப்பவர் இவ்வளவு ஓட்டித்தான் எடுக்கிறார். மாதம் 3,380 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்தி ஓட்டும் நகர ஓட்டத்தில் 110 சிசி பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தாலே நல்லது. லிட்டர் 101 ரூபாய் என்றால் பெட்ரோல் மட்டும் 6,828.

பெரும்பாலானவர்கள் கணக்கை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். வண்டி தேய்வதை யாரும் எழுதுவதில்லை. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு இன்ஜின் ஆயில் என்றால் உங்களுக்கு மாதம் தவறாமல் ஒன்று. பின் டயர் 20,000 கிலோமீட்டர் வரும், அதாவது ஆறு மாதம். செயின் ஸ்ப்ராக்கெட் செட் அதற்கும் முன்னாலேயே பல் தேய்ந்துவிடும், முக்கியமாக மழையில் ஓட்டிவிட்டு ஆயில் விடாமல் விட்டால். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், ஏர் ஃபில்டர், பஞ்சர் எல்லாம் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 60 பைசா ஆகும். ஸ்கூட்டர் என்றால் செயினுக்குப் பதில் பெல்ட்டும் ரோலரும். அங்கேயும் செலவு குறையாது. பிறகு வண்டியின் விலையே இறங்குவது. 95,000 ரூபாய் வண்டி இரண்டு வருடத்தில் 80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டால் 30,000க்குக் கேட்பதே பெரிது. கிலோமீட்டருக்கு 80 பைசா அதில் போகிறது. இதைக் கழித்த பிறகு இஎம்ஐயை மறுபடி கழிக்காதீர்கள், இரண்டும் ஒரே பணம்தான்.

பெட்ரோல் 2 ரூபாய், பராமரிப்பு 60 பைசா, வண்டி மதிப்பு 80 பைசா. ஆக, சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருண்டால் கிட்டத்தட்ட மூன்றரை ரூபாய் செலவு. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு ஆர்டரை எடுத்துப் பார்ப்போம். நிற்கும் இடத்திலிருந்து கடைக்கு 1.2 கிலோமீட்டர். கடையில் பார்சல் தயாராகப் பத்து நிமிடம். வாடிக்கையாளர் வீடு 3.4 கிலோமீட்டர். அடுக்குமாடி என்றால் கேட்டில் ரெஜிஸ்டரில் எழுதி, செக்யூரிட்டி போன் பண்ணி, சர்வீஸ் லிஃப்டுக்குக் காத்திருந்து, மேலே போய்க் கொடுத்துவிட்டு இறங்க ஆறு நிமிடம். ஆர்டர் விழும் ஏரியாவுக்குத் திரும்ப 1.3 கிலோமீட்டர். மொத்தம் 5.9 கிலோமீட்டர், அரை மணி நேரம். இதற்கு 42 ரூபாய் வந்தால் வண்டிச் செலவு 20 போக 22 ரூபாய் நிற்கிறது. திரும்பி வரும் தூரத்துக்குப் பொதுவாகத் தனியாகப் பணம் கிடையாது. இரண்டு ஆர்டரைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டாவதற்கு முழுத் தொகையும் வராது.

22 ஆர்டருக்கு 42 வீதம் 924 ரூபாய்தான் ஆகிறது. நாளைக்கு 1,300 எப்படி வருகிறது என்றால், மீதி கிட்டத்தட்ட 380 இன்சென்டிவ், அதாவது ஊக்கத்தொகை. அந்த 380க்கு நிபந்தனை இருக்கிறது: இத்தனை மணி நேரம் லாகின், மதியமும் இரவும் பீக் நேரம் முழுக்க ஆன்லைன், ஆர்டரை மறுக்கக் கூடாது. கடைசி இரண்டு ஆர்டர் விழாமல் இலக்கைத் தவறவிட்டால் அன்றைய இன்சென்டிவ் குறைந்துவிடும், சில நேரம் முழுதாகவே போய்விடும். இரவு 11 மணிக்கு சிக்னல் தாண்டி ஓட்ட வைப்பது இந்தக் கடைசி இரண்டு ஆர்டர்தான். ஆர்டருக்கு எவ்வளவு என்ற ரேட் கார்டை மாற்றும் உரிமை முழுக்க டெலிவரி கம்பெனியிடம் இருப்பதால், இந்த வருடத்து 34,000 அடுத்த வருடமும் அப்படியே இருக்கும் என்று வைத்துக் கடன் வாங்கக் கூடாது.

மாதக் கணக்குக்கு வருகிறேன். பெட்ரோல் 6,828, பராமரிப்பு 2,028, வண்டி மதிப்பு 2,704, போனும் டேட்டாவும் 750, வெளிச் சாப்பாடும் டீயும் நாளைக்கு 80 வீதம் 2,080. மொத்தம் 14,390. நிற்பது 19,610. உழைத்தது 286 மணி நேரம், மணிக்கு 69 ரூபாய். கம்பெனியில் 208 மணி நேரத்துக்கு 23,935, மணிக்கு 115. கூடுதல் நேரம் உழைக்கத் தயார் என்றால், அதைக் கம்பெனி ஓடியில் (ஓவர்டைமில்) உழைத்தால் என்ன வரும் என்றும் பாருங்கள். சட்டப்படி ஓடிக்கு இரட்டைச் சம்பளம். உங்கள் சம்பளத்துக்கு மணிக்கு 200 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஓடி கிடைக்கிறதா, இரட்டையாகத்தான் கணக்குப் போடுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இஎஸ்ஐ. குழந்தைக்கு டைஃபாய்டு என்றாலும் மனைவிக்குப் பிரசவம் என்றாலும் அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கிறது. உங்களுக்கு உடம்பு முடியாவிட்டால், உரிய நாட்களுக்குப் பங்களிப்பு கட்டியிருந்தால் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். வேலைக்கு வந்து போகும் வழியில் நடக்கும் விபத்தையும் வேலையோடு தொடர்புள்ளது என்று காட்டினால் இதே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். டெலிவரியில் கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்தால் அந்த மூன்று மாதம் வருமானம் பூஜ்யம். நாள் முழுக்க ரோட்டில் இருப்பவருக்கு இது நடக்கவே நடக்காது என்று திட்டம் போட முடியாது.

டெலிவரி கம்பெனிகள் தரும் குழு விபத்துக் காப்பீடு பெரும்பாலும் லாகினில், ஆர்டரில் இருக்கும்போதுதான் செல்லும். லாகவுட் பண்ணிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது அடிபட்டால் என்ன என்பதைத் தமிழில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. வெள்ளை நம்பர் பிளேட் வண்டிக்கு எடுக்கும் சாதாரண பாலிசியில், வாடகைக்கோ கூலிக்கோ சரக்கு ஏற்றவோ பயன்படுத்தினால் செல்லாது என்று பயன்பாட்டு வரம்பு அச்சிட்டிருக்கும். டெலிவரிப் பையோடு விபத்து நடந்தால் வண்டி சேதத்துக்கான கிளெய்மை அதைக் காட்டியே மறுக்கலாம். புதுப்பிக்கும்போது டெலிவரிக்கு ஓட்டுவதைச் சொல்லி, கவர் உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டாயமாகச் சேர்க்கும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் கவர் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், வேலைக்குப் போகாத நாட்களுக்கு இல்லை. அதற்கு வாராந்திர இழப்பீடு தரும் தனி பாலிசி வேண்டும். தொழில் என்ற இடத்தில் டெலிவரி என்றே எழுத வேண்டும். இதுவும் குடும்ப மருத்துவக் காப்பீடும் சேர்ந்து மாதம் 1,500 என்றால் 19,610 இன்னும் இறங்கி 18,110.

தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் கிக் தொழிலாளர்களுக்கு (ஆப் வழியே இப்படி வேலை செய்பவர்களுக்கு) தனி நல வாரியம் அமைத்தது. பகுதி நேரமாக ஓட்டினாலும் அதிலும் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்துவிடுங்கள். வாரியத்தில் பதிவு செய்த 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆனால் வாரியம் இஎஸ்ஐ ஆகாது. அதை நம்பி இதை விடாதீர்கள்.

பத்து மாதம் பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் கிராஜுவிட்டி. நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடிந்தால்தான் அது உரிமை. இன்று விட்டால் சேர்ந்த தொகை போச்சு. பத்து மாதம் கழித்து விட்டால் 37,500 கையில். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் வழக்குப் போட்டு வாங்கும் நிலைக்குப் போகாமல் முழுதாக முடித்துவிடுவதே நல்லது.

அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் வேறு வேலை செய்யக் கூடாது என்று இருக்கிறதா பாருங்கள். தடை இல்லை என்றால் இரவு 7 முதல் 11 வரை, ஞாயிறு முழு நாள், எட்டு வாரம் ஓட்டுங்கள். ஒரு நோட்டில் லாகின் நேரம், ஆர்டர் எண்ணிக்கை, கையில் வந்த தொகை, ஓடோமீட்டர் கிலோமீட்டர் நான்கையும் எழுதுங்கள். ஆப் காட்டும் தூரத்தை எழுதாதீர்கள். கடையைத் தேடிப் போனது, திரும்பி வந்தது, பெட்ரோல் பங்குக்குப் போனது எல்லாம் ஓடோமீட்டரில்தான் இருக்கும். முதல் சில வாரத்து வருமானத்தை எடுத்து வைத்து முடிவு பண்ணக் கூடாது, அதில் புதிதாகச் சேர்பவருக்குத் தரும் போனஸ் கலந்திருக்கும். மாதக் கடைசி வாரம் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள், ஆர்டர் எப்படி விழுகிறது என்று தெரியும். புரட்டாசியில் பிரியாணி ஆர்டர் குறையும். சென்னையில் அது சின்ன விஷயமில்லை. ஐப்பசி மழையில் காசு கூட வரும், ஆனால் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீரில் வண்டியை விட்டு சைலன்சர் வழியே இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் ஒரே நாளில் ஒரு வார வருமானம் மெக்கானிக்குக்குப் போய்விடும்.

கேஷ் ஆன் டெலிவரி பணத்தில் கவனம். கையில் இருக்கும் ரொக்கம் வரம்பைத் தாண்டினால் ஆர்டர் வருவது நின்றுவிடும். அந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டு, வீட்டுக்குக் காய்கறி வாங்கி, பிறகு கட்ட முடியாமல் ஐடி முடங்கியவர்கள் உண்டு. போனைக் கைப்பிடியில் நேராக மாட்டினால் அதிர்வில் கேமரா கெட்டுப்போகும்; அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள்.

எட்டு வாரம் கழித்து, ஓடோமீட்டர் கிலோமீட்டரை மூன்றரையால் பெருக்கி வருமானத்தில் கழித்து, லாகின் மணியால் வகுத்துப் பாருங்கள். 115க்கு மேல் தொடர்ந்து நின்றால் யோசிக்கலாம். பீக் நேரத்தில் மட்டும் ஓட்டுவதால் இந்த எண் முழுநேரத்தைவிட நன்றாகத்தான் வரும். அதிலேயே 115 வரவில்லை என்றால் முழுநேரத்தில் வராது.

என் பதில் மாறும் இடங்களும் உண்டு. பிஎஃப், இஎஸ்ஐ இல்லாமல் 12,000க்குக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு டெலிவரி உண்மையிலேயே முன்னேற்றம், அவரைப் போகாதே என்று சொல்ல மாட்டேன். சொந்த வீட்டில் சார்ஜ் போட வசதியுள்ளவர் மின் ஸ்கூட்டரில் ஓட்டினால் பெட்ரோலுக்கு ஆகும் 2 ரூபாய், வெறும் 50 பைசாவுக்குள் இறங்கிவிடும். 130 கிலோமீட்டருக்கு மதியம் ஒருமுறை சார்ஜ் போட வீட்டுக்கு வர வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு வாடகை வீடு. ஓனரிடம் இப்போதே பேசிப் பாருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் விடுவதாக இருந்தால், மூன்று மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும், பைக் லோனும் முடிந்திருக்க வேண்டும். சம்பள ஸ்லிப் இல்லாமல் புது லோன் கிடைப்பது கஷ்டம். ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து நோட்டீஸ் காலத்தை முடித்து, ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் வாங்குங்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்ப வேலை தேடினால் அவைதான் உதவும். பிஎஃப்பை எடுக்காதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், உங்களுக்கு ஏற்கெனவே நான்கு இருக்கிறது, அடுத்த கம்பெனியில் அதே யுஏஎன்னில் (பிஎஃப்பின் பொதுக் கணக்கு எண்ணில்) தொடரலாம். வெளியேறிய தேதியைக் கம்பெனி பதிவு செய்ததா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பு விழுந்து இரண்டு மாதம் கழித்து யுஏஎன் போர்ட்டலில் நீங்களே அதைப் போட்டுக்கொள்ளலாம்.